அறுபத்தெட்டாம் கேள்வி

நான் கேள்வி எழுதிப் பிழைப்பவள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றில், மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில் எனக்கு ஒரு மேசை உண்டு. நாளைக்குப் பத்துக் கேள்வி. மேலே ஒரு விதி, அதன் கீழே ஒரு சம்பவம், அதற்கும் கீழே நான்கு விடைகள். விதியைச் சம்பவத்தோடு பொருத்திப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதி அநியாயமாக இருக்கலாம், சம்பவத்தில் வருகிறவன் பாவப்பட்டவனாக இருக்கலாம், அதெல்லாம் தேர்வு எழுதுகிறவர் கவலை இல்லை. தாளில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இதை முதல் நாளே தொண்டை கிழியச் சொல்லிவிடுவார்கள். பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆறு வருடமாக இதே வேலை. பக்கத்து வீட்டு நாய் கடித்தது, மாடியிலிருந்து பூந்தொட்டி விழுந்தது, இரவல் வாங்கிய சைக்கிள் திருட்டுப் போனது என்று மனிதருக்கு நேரக்கூடிய சில்லறைத் துன்பங்களையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன். என் கேள்விகளில் எத்தனை பேர் கால் உடைந்து கிடக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

எழுதியதைச் சரிபார்க்க ஓர் அம்மாள் இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு கேள்விக்கு இரண்டு விடை பொருந்தும் என்று இம்மியளவு சந்தேகம் வந்தாலும் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். "எது விடையைக் கலைக்குதோ அதை எடு. எது விடையை நிறுத்துதோ அதைச் சேர்" என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் கேள்வி பளிச்சென்று ஆகிவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தத் தேர்வைத்தான் என் அக்கா எழுதப்போகிறாள் என்றானது. முப்பத்தெட்டு வயதில். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரை மணியிலிருந்து, வெறும் வயிற்றோடு கடுகடுவென்று வந்து உட்காருகிறவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவது அவள் வேலை. மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு சாப்பாட்டு மேசையிலேயே புத்தகத்தை விரிப்பாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் முடிக்கிற பாடத்தை அவள் நான்கு மாதத்தில் முடித்தாள். ஆனால் முடித்தது முடித்ததுதான். ஒரு தடவை பிடித்தால் விடமாட்டாள், அது அவள் பிறவிக் குணம்.

அவள் ஏன் படித்தாள் என்பது எங்கள் வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூடத் தெரியும். மாமா, அதாவது அவள் கணவர், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன் உருளைகளுக்கு நடுவே கை சிக்கி, தோள்வரை உள்ளே போய், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இறந்தார். விசாரணை அறிக்கை பதினொரு பக்கம். உருளைகளை மூடியிருக்க வேண்டிய பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது. கழற்றியதை யாரும் பார்க்கவில்லை. இயந்திரத்தில் அப்போது இருந்தது அவர் ஒருவர்தான். ஆகவே கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: விபத்துக்குத் தொழிலாளியின் சொந்த அலட்சியமே காரணம்.

"அவரு கழட்டியிருக்கவே மாட்டாரு" என்றாள் அக்கா. அன்றைக்குச் சொன்னதை மூன்று வருடமாகச் சொன்னாள். தொழிற்சாலை வாசலில் போய் நின்று சொன்னாள், மேற்பார்வையாளர் வீட்டுக்கே போய் அவர் மனைவி முன்னால் சொன்னாள். இரண்டு வக்கீல்கள் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இதில் ஒன்றும் நிற்காது என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவது வக்கீலின் அறையிலிருந்து படி இறங்கும்போது, "அப்ப நானே படிச்சுக்கறேன். அந்த ஒரு வரிய அழிக்காம விடமாட்டேன்" என்றாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். எங்கே போனாலும் நான் கூடவே போனேன்.

கூடப் போனேனே தவிர, உண்மை எனக்குத் தெரியும். மூடியைக் கழற்றியது மாமாதான்.

விபத்தன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் நான். அக்கா வேலையில் இருந்தாள். ரத்தம் எடுக்கும் நேரத்தில் அவர்கள் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அவள் வந்து சேர்வதற்குள் மாமாவை அறுவைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள், அங்கிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை. ஆனால் அதற்கு முன் கால் மணி நேரம் அவருக்கு நினைவு இருந்தது. என்னிடம் பேசினார். மூடியைத் தானே கழற்றியதாகச் சொன்னார். "அக்காகிட்ட சொல்லாத, மனசு உடைஞ்சிடுவா" என்றார். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, "பேசினாராடி?" என்று கேட்டாள். பேசினார் என்றால் என்ன பேசினார் என்று கேட்பாள். அதனால், "நினைவே வரலக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

போகப் போகச் சரியாகிவிடும், எங்கேயாவது அலுத்து நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிறுத்துவதற்குப் பதிலாகச் சட்டப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். அதன் பிறகு எந்த வாயால் சொல்வது?

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாரம் எனக்கு எதுவுமே ஓடவில்லை. நாய், பூந்தொட்டி, சைக்கிள் எல்லாம் வற்றிப்போயிருந்தன. நாளைக்குப் பத்துக் கேள்வி என்றால் பத்துக் கேள்விதான், துக்கம் என்று ஒன்பது எழுத முடியாது. ஒரு மத்தியானம் கை தானாக மாமாவை எழுதிவிட்டது. அட்டைப்பெட்டியை பிஸ்கட் ஆக்கினேன், மாமாவை 'க' ஆக்கினேன். ஆபத்தைத் தெரிந்தே ஏற்பவர் அதனால் வரும் தீங்குக்குப் பிறரைப் பொறுப்பாக்க முடியாது என்று விதி கொடுத்தேன். மூடியோடு ஓட்டினால் சரக்கு சிக்கும், நிர்ணயித்த எண்ணிக்கை வராது, இது மேற்பார்வையாளருக்கும் தெரியும் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. மாமா அதையும் சொல்லியிருந்தார்.

பூதக்கண்ணாடி இரண்டு வட்டம் போட்டார். முதல் வட்டத்தில், 'மூடியைக் கழற்றியது யார்? தெளிவில்லை.' இரண்டாவதில், 'மேற்பார்வையாளர் எதற்கு? விடையைக் கலைக்கிறது.' மேற்பார்வையாளரை எடுத்தேன். "க தானே ஸ்பேனரால் மூடியைக் கழற்றி, அதன் இரண்டு போல்ட்டுகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்" என்று சேர்த்தேன். கேள்வி பளிச்சென்று ஆகிவிட்டது. விடை 'ஆ': க-வுக்கு எந்த உரிமையும் இல்லை. மறுநாள் வேறு பத்து எழுதினேன், அதை மறந்தும்போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறந்தேன் என்பதுதான் உண்மை. பிணவறையில் வேலை செய்கிறவர்களுக்கு முகம் மறப்பதில்லையா, அந்த மாதிரி.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதிப் பார்க்கக் கடைசியாக ஒரு தாள் வேண்டும் என்றாள் அக்கா. அலுவலக அலமாரியில் மிஞ்சிக் கிடந்த கட்டிலிருந்து ஒன்றை உருவி வந்திருந்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். அவள் மேசையில் உட்கார்ந்து எழுதினாள், நான் எதிரே நாற்காலியில் துணி மடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழிந்தபோது அவள் பென்சில் நின்றது. ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரம் போகுதுக்கா" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. பிறகு விடைத்தாளில் ஒரு வட்டத்தை அழுத்தி நிரப்பினாள், மீதியையும் எழுதினாள், நேரம் முடிந்ததும் தாளை என் பக்கம் தள்ளினாள்.

விடைப்பட்டியலை வைத்துத் திருத்தினேன். எண்பத்தொன்று சரி, இதுவரை வாங்கியதிலேயே அதிகம். சந்தோஷமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அறுபத்தெட்டு சரியா?" என்றாள்.

"சரிதான். 'ஆ'." அப்போதுதான் கேள்வித்தாளைத் திருப்பினேன். பிஸ்கட் தொழிற்சாலை என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

"சரியாத்தான் இருக்கும். அந்த விதிப்படி அவனுக்கு ஒண்ணும் கிடையாது" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது. "முன்னறையில ஃபேன கழட்டினாரே, ஞாபகம் இருக்கா? போல்ட்டையெல்லாம் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மறந்துட்டாரு. நான் துவைக்கப் போட்டு, மெஷின்ல டக்டக்னு சத்தம் வந்துச்சு. எதக் கழட்டினாலும் அப்படித்தான், கீழ வெச்சா தொலஞ்சிடுமாம். இந்த பிஸ்கட் கம்பெனி ஆளுக்கும் அதே பழக்கமா?"

நான் கேள்வித்தாளை மடித்து மேசையில் வைத்தேன்.

"இத எழுதினது நீதான?"

"ஆமா."

"அவரு சொன்னாரா?"

"ஆமாக்கா."

"எப்போ?"

"ஆஸ்பத்திரில. நீ வர்றதுக்கு முன்னாடி."

மூடியைப் பற்றிக் கேட்பாள், இடிந்துபோவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் மூடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப அவரு பேசினாரு" என்றாள். இரண்டு தடவை அதையே சொன்னாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனாள். வந்தாள், சமைத்தாள், எனக்கும் தட்டு வைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. புத்தகங்களையெல்லாம் சணல் கயிற்றால் கட்டி, பழைய பேப்பர் போடுகிற மூலையில் வைத்துவிட்டாள். நுழைவுச் சீட்டும் அந்தக் கட்டுக்குள்ளேதான் இருந்தது. ஒன்றரை வருட உழைப்பு, இன்னும் ஆறு நாள் பாக்கி.

செவ்வாய்க்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமாதான்க்கா சொல்லாதேன்னாரு. சாகப்போறவர் கேட்டதை எப்படி மீறறது?" என்றேன்.

"அவரு சொல்லாதேன்னது மூடியப் பத்தி. பேசினதையே மறைக்கச் சொன்னாரா?"

கழுவிய தட்டொன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நான் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சண்ட போட்டேன். சூப்பர்வைசர் பொண்டாட்டி முன்னாடி அந்த ஆள பொய்யன்னு சொன்னேன். அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க." அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ என் பக்கத்துலயே நின்ன."

அப்படித்தான் நின்றேன். அவள் பையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவளைப் போலவே கடுப்பாக வைத்துக்கொண்டு நின்றேன். அன்பினால் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம், வேறென்ன? அவள் கோபம் என் பக்கம் திரும்பக்கூடாது என்ற பயம். அந்தக் கோபத்துக்கு ஊரில் இருந்தவர்களையெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

புதன்கிழமை பேச்சே இல்லை. வியாழக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் கேள்வித்தாளோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இந்தக் கேள்வி தப்பு" என்றாள்.

"எந்தக் கேள்வி?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

"ஒன்பது வருஷம் வேல பாத்த ஆளுன்னு போட்டிருக்க. ஆபத்துன்னு தெரியும்னு போட்டிருக்க. அப்படிப்பட்டவன் பொழுது போகாமலா கழட்டுவான்? ஏன் கழட்டினான்னு இதுல இல்லையே."

"இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

சொன்னேன். மூடியைப் போட்டால் அட்டை மடங்கிச் சிக்கிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி எடுத்தால் சொன்ன எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வராதவர் பெயரைச் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அந்த வரிசையில் எல்லா இயந்திரத்திலும் மூடியைக் கழற்றித்தான் ஓட்டினார்கள், மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காதது போலப் போவார். அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் அவரே வந்து, "மூடியப் போடுங்கப்பா" என்பார். இவ்வளவும் மாமா சொன்னது.

"இத ஏன் எடுத்த?"

"இது இருந்தா ரெண்டு விடை வரும்."

"வரட்டுமே."

"ரெண்டு விடை வந்தா அது கேள்வியே இல்லக்கா. திருப்பி அனுப்பிடுவாங்க."

அக்கா தாளை மடித்தாள், திரும்பவும் பிரித்தாள். "அந்த அறிக்கையிலயும் இது இல்ல. நூறு தடவ படிச்சிருக்கேன். பதினொரு பக்கத்துலயும் இல்ல. அவங்களும் உன்ன மாதிரி எடுத்துட்டாங்க" என்றாள். தாளை மறுபடி மடித்துவிட்டு, "நானும்தான். யார் கழட்டினாங்கன்னு மூணு வருஷம் தேடினேன். ஏன்னு ஒரு நாளாவது தேடினேனா? அவரு கழட்டலன்னு சாதிச்சா போதும்னு இருந்துட்டேன்" என்றாள்.

மூலைக்குப் போய்ப் புத்தகக் கட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். கோபத்தில் இறுக்கிப் போட்டிருந்த முடிச்சு, வரவில்லை. நான் கத்தி கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பெரிய கட்டடம் ஒன்றில், சுவரில் ஒட்டியிருந்த எண் பட்டியலில் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனாள். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி அவளைப் பரீட்சைக்கு வந்த மேற்பார்வையாளர் என்று நினைத்து வணக்கம் வைத்தாள். அக்காவும் பதிலுக்கு வைத்தாள். நான் எதிர்ப்பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் என்ன பாடு படுகிறாளோ என்று இரண்டு மணி நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை இதற்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவையும் இப்படி இருந்ததில்லை.

வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், குடித்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நேரம் பத்தல. ஏழு கேள்வி விட்டுட்டேன். பாப்போம்." பாட்டிலை மூடி எங்கள் நடுவே வைத்தாள். "இது கிடைக்கலன்னா அடுத்த வருஷமும் எழுதுவேன். அந்த வரிய அழிக்க மாட்டாங்க, தெரியும். அதுக்கு மேல ஒரு பக்கம் எழுத வெக்கணும். என்னைக்காவது அது நடந்தா நீ வந்து விசாரணையில சொல்லணும். அவரு கழட்டினதையும் சொல்லணும், ஏன்னும் சொல்லணும்."

"சொல்றேன்க்கா."

"எங்கிட்ட இப்ப சொல்லு. அவரு பேசினதெல்லாம். மொதல்லேருந்து." என் பக்கம் திரும்பினாள். ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "கேள்வி எழுதற மாதிரி சொல்லாத. எதையும் எடுக்காத."

சொன்னேன். முதலில் என்னை அடையாளம் தெரியாமல் நர்ஸ் என்று நினைத்ததைச் சொன்னேன். கை இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்று நான் சொன்னேன். தண்ணீர் கேட்டார், கொடுக்கக்கூடாது என்றார்கள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். மூடியைச் சொன்னார், எண்ணிக்கையைச் சொன்னார். போல்ட் இரண்டும் சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்துப் பத்திரமாகக் கொடுத்துவிடு, தொலைந்தால் திட்டுவார்கள் என்றார். அந்தச் சட்டையை அதற்கு முன்பே கிழித்து எறிந்திருந்தார்கள்.

அக்கா, "அப்புறம்?" என்றாள்.

"உன்கிட்ட சொல்லாதேன்னாரு."

"அப்புறம்?"

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. அதை நான் எந்தக் கேள்வியிலும் எழுதியதில்லை, தனியாக இருக்கும்போதுகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"நீ வந்துட்டியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன். அப்ப உனக்குத் தகவலே போய்ச் சேரலக்கா. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நீ எடுக்கல."

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாருடைய கையைப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாளோ என்னவோ.

"எத்தன தடவ கேட்டாரு?" என்றாள்.

ஒரு தடவை என்று சொல்லலாம். ஒரு தடவை என்றால் அவளால் தாங்கிக்கொள்ள முடியும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்காவது தூங்குவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நாலு தடவ" என்றேன்.